இடமில்லை என்று பதில் வந்த பிறகு

மே, ஜூன் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதுபவை. இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அந்தக் கடிதங்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டபடி பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 25. அவிநாசிக்கு அருகே என் அப்பா எட்டு மெஷின்கள் வைத்து, மற்றவர்கள் தரும் நூலைக் கூலிக்குப் பனியன் துணியாகப் பின்னிக் கொடுக்கும் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். நான் பொறியியல் முடித்து மூன்று ஆண்டுகளாகக் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதி 96 பெர்சென்டைல் பெற்றேன். பழைய ஐ.ஐ.எம்.களிலிருந்து (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) அழைப்பே வரவில்லை. புதிய ஐ.ஐ.எம்.களின் பொது நேர்காணலுக்குப் போனேன். காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டது. ஓராண்டுப் படிப்பு நடத்தும் தனியார் நிறுவனம் ஒன்றும் நேர்காணலுக்குப் பிறகு மறுத்துவிட்டது. எல்லாரும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வேறொரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன் செய்து, மொத்தக் கட்டணம் 15 லட்சம் என்றும், இந்த வாரமே 50,000 ரூபாய் கட்டினால் இடம் உறுதி என்றும் சொல்கிறார்கள். மூன்றாம் முறை எழுதுவதா, இதில் சேர்வதா, அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடுவதா? கோயிலுக்குப் போனால்கூட ‘ஏனுங் தம்பி, சீட்டு கெடைச்சுதுங்களா?’ என்று கேட்கிறார்கள்.

பதில்: தம்பி, ‘எல்லாரும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஐ.ஐ.எம்.கள் உங்களைப் பார்க்கவே இல்லை. உங்கள் எண்களைத்தான் பார்த்தன. பொது நேர்காணலில் உங்களைப் பார்த்தார்கள், பிடித்துமிருந்தது, ஆனால் வரிசையில் சற்றுப் பின்னால் நிறுத்தினார்கள். மூன்றாவது நிறுவனத்தினர் உங்கள் கட்டுரைகளைப் படித்து, உங்களோடு உட்கார்ந்து பேசி, அதன் பிறகு மறுத்தார்கள். மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுத்தால் அடுத்த ஆண்டும் இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுவீர்கள்.

எண்களிலிருந்து தொடங்குவோம். 2024-ஆம் ஆண்டு கேட் தேர்வை ஏறக்குறைய 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அதில் 96 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு நான்கு பேர், அதாவது பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஆகிய மூன்றிலும் ஆண்டுக்குச் சில நூறு இடங்கள்தான் உள்ளன. அத்துடன் அவை கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அழைப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் சேர்க்கைக் கொள்கையாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கொள்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மதிப்பெண்களைப் போட்டுப் பாருங்கள். 99 பெர்சென்டைல் வாங்கினாலும் உங்கள் பழைய மதிப்பெண்கள் அழைப்பைத் தடுத்துவிடும் என்று தெரிந்தால், அந்த நிறுவனத்தை வருத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி யாராலும் திருத்த முடியாது. திருத்த முடியாததற்காக இன்னோர் ஆண்டை ஏன் கொடுக்க வேண்டும்?

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் கேட்கிறேன். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவில் உங்களைக் குறித்தீர்கள்? நம் பக்கத்தில் மாநிலப் பட்டியலின்படி பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வரும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் ஐ.ஐ.எம்.கள் மத்திய அரசின் பட்டியலையே பார்க்கின்றன. இரண்டு பட்டியல்களும் முழுக்க ஒன்றல்ல. மத்திய அரசின் ஓ.பி.சி. பிரிவுக்கு 27 விழுக்காடு இடங்கள் உண்டு. அதைப் பெற, வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்பதைக் காட்டும் சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். பள்ளியில் கொடுத்த பழைய சாதிச் சான்றிதழ் அதற்குப் போதாது. வரம்பு 8 லட்சம் ரூபாய் என்றவுடனே ‘கம்பெனி வைத்திருக்கிறோம், நமக்கு வராது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேர்வதில்லை. தொழில் வருமானம் சேரும். எட்டு மெஷின் ஜாப் ஒர்க்கில் செலவு போக உண்மையில் நிற்பது எவ்வளவு என்பது உங்கள் அப்பாவின் வருமான வரிக் கணக்கில் இருக்கிறது. தகுதி இருந்தால் இ-சேவை வழியாக விண்ணப்பித்து, வட்டாட்சியரிடமிருந்து நடப்பு நிதியாண்டுக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தகுதி இல்லையென்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

இனி நேர்காணல். நான் இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் உங்களிடம் இருக்கும் செல்வத்தை நீங்களே விண்ணப்பத்தில் காட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் கோவையில் நெடுங்காலம் மேலாண்மைப் பாடம் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரியில் கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நேர்காணல் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பையன் ஒருவர் வந்திருந்தார். தலைமைப் பண்பு, உலகச் சந்தை, உத்தி என்று நன்றாகவே பேசினார். நடுவில் நான் அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டைக் காட்டி, ‘இது உங்கள் கம்பெனியில் தைத்ததா?’ என்று கேட்டேன். ஆமாம் என்றார். ‘இதன் அடக்க விலை என்ன?’ என்றேன். சிரித்துக்கொண்டே, ‘அதெல்லாம் அப்பா பார்த்துக்குவாருங்க’ என்றார். அந்த நேர்காணல் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. குடும்பத் தொழிலிலிருந்து வருகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியவரிடம் எந்த நேர்காணல் குழுவும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அது.

அந்த ஆண்டு அவருக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி. கட்டிங் மாஸ்டரோடும் செக்கிங் பெண்களோடும் பத்து நாள் நின்று எழுதியிருக்கிறார். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி, நூல் விலை, நிட்டிங் கூலி, சாயம், துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங், இவற்றில் எடை குறைவது, கட்டிங்கில் விழும் வேஸ்ட், தையல் கூலி, லேபிள், பாலி பேக், அட்டைப் பெட்டி என்று வரிசையாக எழுதி, கடைசியில் செக்கிங்கில் கழியும் பீஸ்களின் செலவைச் சிவப்பு மையில் தனி வரியாக எழுதியிருந்தார். அந்த வரியை அவருடைய அப்பா இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் தனியாக எழுதிப் பார்த்ததில்லையாம். ‘இதைப் பார்த்துவிட்டு அப்பா அடுத்த ஆர்டருக்கு விலையை மாற்றிச் சொன்னாருங்க’ என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த தெளிவு, முதல் நாள் பேசிய எந்தப் பேச்சிலும் இல்லை. அடுத்த ஆண்டும் அவர் விரும்பிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நோட்டு வீண் போகவில்லை. இன்றும் அந்தக் கம்பெனியில் விலை போடுவது அவர்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் வரும் ஓராண்டை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அடுத்த ஆண்டும் எல்லா இடத்திலிருந்தும் மறுப்பே வந்தாலும், ‘இந்த வேலையைச் செய்தது நல்லதாயிற்று’ என்று உங்களால் சொல்ல முடிகிற ஒன்றைத்தான் இந்த ஆண்டு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் சான்றிதழ்ப் படிப்புகளையும் இரண்டு நாள் தன்னார்வப் பணிகளையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நேர்காணல் செய்பவர்கள் அதை ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. ஒரு கிலோ துணி பின்ன மின்சாரம் எவ்வளவு, ஊசி உடைவது எவ்வளவு, மெஷின் நூலில்லாமல் சும்மா நிற்கும் மணி நேரம் மாதத்துக்கு எத்தனை, துணி கொடுத்த நாளிலிருந்து கூலி கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? மென்பொருள் தெரிந்த உங்களால் இந்த நான்கையும் சனி, ஞாயிறுகளில் ஆறு மாதம் பதிவு செய்ய முடியும்.

உங்கள் கட்டுரைகளையும் மறுபடி எடுத்துப் படியுங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நீங்கள் பத்து வயதை ஒட்டிய பையன். சாயமில்லாமல் துணி நகராது. துணி நகராவிட்டால் நிட்டிங் மெஷினும் நிற்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது வளர்ந்த பிள்ளையாக அதே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். நொய்யல் கரையில் ஒரு தொழில் விழுந்து, கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்து மீட்கும் முறைக்கு மாறி எழுந்ததையும், கடல் கடந்த ஒரு முடிவு எட்டு மெஷின் பட்டறை வரை வந்து தொடுவதையும் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர் நீங்கள். இந்த இரண்டில் ஒன்றாவது உங்கள் கட்டுரையில் இருந்ததா? இல்லையென்றால் மூன்றாவது நிறுவனம் மறுத்தது உங்களையல்ல. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய ஒரு கட்டுரையை.

மூன்றாம் முறை எழுதலாமா என்று நேராகக் கேட்டால், எழுதலாம் என்பேன். ஆனால் வேலையை விடாமல், இன்னும் ஒரு முறை மட்டும். கேட் தேர்வுக்கு வயது வரம்போ இத்தனை முறைதான் என்ற கணக்கோ கிடையாது என்பதாலேயே நாமாக ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் பதிவு தொடங்கும், நவம்பர் கடைசியில் தேர்வு. மதிப்பெண் அட்டையில் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிப் பெர்சென்டைல் இருக்கிறதே, அதைப் பாருங்கள். பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கணக்கு கைகொடுத்து ஆங்கில வாசிப்புப் பகுதி காலை வாரிவிடும்; அதற்குக் குறுக்கு வழிப் பயிற்சி கிடையாது, தினமும் ஒரு மணி நேரம் கனமான ஆங்கிலக் கட்டுரைகளைப் படிப்பதே வழி. கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும். வெளிநாட்டு மேலாண்மைக் கல்லூரிகளும் ஏற்கும் ஜிமேட் (GMAT) தேர்வின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். மூன்றாண்டு வேலை அனுபவம் சேர்ந்துவிட்ட உங்களுக்கு ஓராண்டுப் படிப்புகளே பொருத்தமாக இருக்கும் என்பதால் ஜிமேட்டையும் எண்ணிப் பாருங்கள்.

போன் செய்யும் கல்லூரிக்கு இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். நல்ல இடம் எதுவும் இவ்வளவு அவசரப்படுத்தாது. அவர்கள் தருவது பல்கலைக்கழகப் பட்டமா, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் பெற்ற பட்டயமா என்று கேளுங்கள். சராசரிச் சம்பளம் சொல்வார்கள். நீங்கள் நடுநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள், அதாவது பாதிப் பேர் எதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்பதை. வெளித் தணிக்கை செய்த வேலைவாய்ப்பு அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாமாண்டு படிக்கும் மாணவர் இருவரை நீங்களாகவே தேடிப் பிடித்துப் பேசுங்கள். கல்லூரி கொடுக்கும் எண்களில் இருப்பவர்களிடம் வேண்டாம். 15 லட்சத்தை 10.5 விழுக்காடு வட்டியில் கடனாக எடுத்துப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 20,200 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டி தனி. அங்கே படித்து முடித்தவர்களின் நடுநிலைச் சம்பளம் இப்போது நீங்கள் வாங்குவதைவிட இந்தத் தவணை அளவுக்கேனும் கூடுதலாக இல்லையென்றால், அந்தப் படிப்பு உங்களுக்கு நட்டக் கணக்கு.

உள்ளூரில் படிப்பதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் வழியாக எம்.பி.ஏ. சேர்க்கைக்கான மாநிலக் கலந்தாய்வை நடத்துவதே நம் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான். பி.எஸ்.ஜி. மேலாண்மைக் கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், எட்டிமடை அமிர்தா, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி என்று நம் பக்கத்திலேயே எம்.பி.ஏ. படிக்க இடங்கள் இருக்கின்றன. பெருநகரத்துப் பெரிய நிறுவன வேலைதான் உங்கள் இலக்கு என்றால் பெரிய பெயருக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அப்பாவின் எட்டு மெஷினைச் சொந்தமாகத் துணி வாங்கித் தைத்து அனுப்பும் கம்பெனியாக வளர்ப்பதுதான் மனத்தில் இருக்கிறது என்றால், செலவுக் கணக்கும் வங்கிக் கடன் நடைமுறையும் ஏற்றுமதி ஆவணங்களும் தெரிந்தால் போதும். அதற்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டாம்.

அப்பாவோடு போவது பற்றி ஒரு வார்த்தை. ‘வேறு வழியில்லாமல் வந்தேன்’ என்று போகாதீர்கள். உங்கள் அப்பாவிடம் முதலில் கேளுங்கள், நீங்கள் வர வேண்டும் என்று அவர் உண்மையிலேயே விரும்புகிறாரா என்று. பல தகப்பன்மார்கள் தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்றே படிக்க வைத்தவர்கள். அவர் விரும்பினால், எந்தப் பொறுப்பு உங்களுடையது, மாதம் எவ்வளவு சம்பளம் என்று முதல் நாளே பேசி, வெளியார் ஒருவரை வேலைக்கு எடுப்பது போல எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். ஓர் ஐ.ஐ.எம்.-இல் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். இதற்கிடையில் எனக்கு இடம் கொடுத்த மற்றொரு கல்லூரி அடுத்த வாரத்துக்குள் ஒரு லட்சம் கட்டச் சொல்கிறது. கட்டிவிட்டுப் பிறகு ஐ.ஐ.எம். கிடைத்தால் அந்தப் பணம் போய்விடுமா? அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள்.

பதில்: சென்ற ஆண்டுகளில் பட்டியல் எந்த எண் வரை நகர்ந்தது என்பதைப் பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன; உங்கள் பிரிவுக்கான எண்ணைப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் எண்ணைத் தாண்டி நகர்ந்திருந்தால் நம்பிக்கையோடு இருக்கலாம். அருகில்கூட வரவில்லை என்றால் கையில் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் யோசியுங்கள். குறிப்பிட்ட தேதிக்குள் விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி.யும் (பல்கலைக்கழக மானியக் குழு) ஏ.ஐ.சி.டி.இ.யும் விதிகள் வைத்திருக்கின்றன. ஆனால் அந்தத் தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது. பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் திருப்பித் தரும் விதியை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். கல்லூரிகள் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. இப்போதைய வேலையை ராஜினாமா செய்வதை மட்டும் கடைசி வரை தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். மகள் சி.ஏ. முடித்து நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறாள், வயது 27. சென்ற ஜனவரியில் அமெரிக்காவில் நான்கு பெரிய கல்லூரிகளுக்கு எம்.பி.ஏ. விண்ணப்பித்தாள். நான்கிலும் இல்லை என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கு வருவதில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. கோவையில் ஓர் ஆலோசகர் மூன்று லட்சம் கொடுத்தால் கட்டுரை முதல் எல்லாம் எழுதிக் கொடுத்து அடுத்த ஆண்டு இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவள் அப்பா தோப்பை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறார். என் மாமியார் இனிக் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: அம்மா, சி.ஏ. தேர்வில் எத்தனை பேர் முயன்று எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதைத் தாண்டி வந்த பெண்ணுக்குத் திறமையில் குறை இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஸ்டான்ஃபோர்டு போன்ற இடத்தில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகவே இடம் பெறுகிறார்கள். மறுக்கப்படும் தொண்ணூறு பேரில் பெரும்பாலோர் நன்றாகப் படித்தவர்கள்தான். உங்கள் மகள் நான்கு விண்ணப்பங்களையும் அப்படிப்பட்ட இடங்களுக்கே, அதுவும் ஒரே சுற்றில் அனுப்பியிருக்கிறார் என்று தெரிகிறது. அது விண்ணப்பத் திட்டத்தில் இருந்த பிழை. சற்றுக் கடினம், ஓரளவு எட்டக்கூடியது, பெரும்பாலும் கிடைக்கக்கூடியது என்று கலந்து ஐந்தாறு இடங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கே முதற்சுற்று செப்டம்பரை ஒட்டியும் இரண்டாம் சுற்று ஜனவரியை ஒட்டியும் வரும். மறுபடி முயல்வதாக இருந்தால் முதற்சுற்றிலேயே அனுப்புவது நல்லது. மறுமுறை விண்ணப்பிப்பவரிடம் ‘சென்ற முறைக்குப் பிறகு உங்களிடம் என்ன மாறியிருக்கிறது’ என்று பல கல்லூரிகள் ஒரு சிறு கட்டுரை கேட்கின்றன. அதற்கு எழுத உண்மையான விடை ஒன்று இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம்.

அந்த ஆலோசகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். கட்டுரையைப் படித்து எங்கே புரியவில்லை என்று சொல்பவர் ஆலோசகர். கட்டுரையை எழுதிக் கொடுப்பவர் உங்கள் பெண்ணை ஆபத்தில் தள்ளுபவர். இடம் கொடுத்த பிறகும் பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் உள்ளவற்றைச் சரிபார்க்கின்றன. பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இடத்தை உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது நடக்காத காரியம். அந்த முடிவு அவர் கையில் இல்லை.

பரிந்துரைக் கடிதங்களை யாரிடம் வாங்கினார் என்று மகளிடம் கேளுங்கள். நம் ஊர் வழக்கப்படி, தெரிந்தவர்களில் மிகப் பெரியவர் யாரோ அவரிடம் போய் நிற்போம். தொழிலதிபர், சட்டமன்ற உறுப்பினர், சங்கத் தலைவர் என்று. ஆனால் அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு வேண்டியது, உங்கள் மகளோடு தினமும் ஒரே அறையில் வேலை செய்தவர் சொல்லும் விவரம்: மார்ச் மாதக் கடைசியில் ஒரு தணிக்கையில் சிக்கல் வந்தபோது அவர் என்ன செய்தார், தவறு நேர்ந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்பது போன்றவை. நேரடி மேலாளர் ஒருவரின் அரைப் பக்கம், பெரிய மனிதரின் இரண்டு பக்கத்தைவிட மதிப்புள்ளது.

தோப்பைப் பற்றி. முதலில் நடைமுறையைச் சொல்கிறேன்: கடன் வசூலுக்கு வங்கிகள் பயன்படுத்தும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால் கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் வீடு, மனை போன்றவற்றைத்தான் ஈடாகக் கேட்கும். தோப்பை அடமானம் வைப்பதென்றால் வெளியே வட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கும், அந்த வட்டியில் இந்தப் படிப்பைப் படிக்கவே கூடாது. வேர் வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? விளைச்சல் நிச்சயமில்லாத காலத்தில் நிலத்தின் மேல் இன்னொரு சுமை வேண்டாம். இடம் கிடைத்த பிறகு, உதவித்தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகு, பணத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் மகள் அமெரிக்காவை மட்டும் பார்த்திருக்கலாம். சி.ஏ. தகுதியை வைத்தே கேட் எழுதி ஐ.ஐ.எம்.களுக்கு விண்ணப்பிக்க முடியும். நான்காண்டு அனுபவம் உள்ளவருக்கு ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் ஓராண்டுப் படிப்பும் திறந்திருக்கிறது. அவரிடம் ஜிமேட் மதிப்பெண் இருந்தால் அதுவே அங்கேயும் செல்லும். கணக்குத் துறையிலேயே மேலே போவதுதான் அவருடைய எண்ணம் என்றால் எம்.பி.ஏ. இல்லாமலேயே நிதித் தலைவர் பொறுப்புவரை போன சி.ஏ.க்கள் நம் நாட்டில் நிறையப் பேர் உண்டு. எதற்காக அந்தப் படிப்பை விரும்பினார் என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஏன் கிடைக்கவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்யாணப் பேச்சை எடுக்கும் நேரம் இதுவன்று, அம்மா. உங்கள் மாமியார் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் இப்போது பேச்சை எடுத்தால், படிப்பு கிடைக்காததற்கு ஈடாகக் கல்யாணத்தைக் கொடுப்பது போல உங்கள் மகளுக்குத் தோன்றும். அப்படித் தொடங்கும் கல்யாணம் அவருக்கும் நல்லதன்று, வரப்போகும் பையனுக்கும் நல்லதன்று. ஆறு மாதம் போகட்டும். பாட்டியிடம் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள். மகள் காதுக்குப் போக விடாதீர்கள்.

அவர் ஊருக்கு வராமலிருப்பது உறவினர்களின் கேள்விக்குப் பயந்துதான். நீங்களும் அவர் அப்பாவும் ஒரு வார இறுதியில் சென்னைக்குப் போய்விட்டு வாருங்கள். வீட்டில் ஆட்டிய எண்ணெயும் நாலு இளநீரும் எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தைப் பற்றி அவராகப் பேச்செடுக்கும்வரை நீங்கள் எடுக்க வேண்டாம். பேச்சு வந்தால், நீங்கள் எனக்கு எழுதியதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் விரும்பினால், அனுப்பிய கட்டுரைகளையும் விண்ணப்பித்த நான்கு இடங்களின் பெயரையும் எனக்கு அனுப்பட்டும். படித்துப் பார்த்து, என் கருத்தை அவருக்கே தனியாக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் வெளியிட மாட்டேன்.